அத்தை தட்டச்சில் பேசிய சனிக்கிழமை

அந்த லேப்டாப்பை ஒரு கையால் தூக்க முடியாது. இப்போது வருபவற்றை நோட்டுப் புத்தகம் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இதை இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுக்க வேண்டும். மூடியின் ஒரு மூலை உடைந்து, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். எழுத்துக் கட்டைகள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். எது எந்த எழுத்து என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திறந்தால் பச்சைப் புல்மேடும் நீல வானமும் தெரிகிற அந்தக் காலத்து விண்டோஸ். என் கணவர் குவைத்துக்குப் போய் முதல்முறை விடுப்பில் வந்தபோது தன் அம்மாவுக்கு வாங்கி வந்தது. அவருடைய அம்மா எனக்கு அத்தை.

அத்தை புதுக்கோட்டையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வக்கீல்களுக்கு மனுவும் பத்திரமும் தட்டச்சு செய்து கொடுத்தவர். அன்னவாசலில் இருந்து காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அங்கே போயிருந்தேன். அவருடைய கை ஏதோ ஒரு பாகப்பிரிவினையை அடித்துக்கொண்டிருந்தது. வாய் அடுத்த மேசைக்காரம்மாவிடம் மீன் விலையைப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றில் ஒன்று மோதவில்லை. நான் வியந்து பார்ப்பதைக் கண்டு, "வாய்க்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலைத்தா. ரெண்டையும் சும்மா விட்டா ஒடம்புக்கு ஆகாது" என்றார். வீட்டிலும் அப்படித்தான். தெருமுனையில் வரும்போதே அத்தையின் குரல் கேட்டுவிடும். பஸ்ஸில் நடந்த சண்டை, கோர்ட்டில் நடந்த சமாதானம் எல்லாவற்றையும் செருப்பைக் கழற்றும் முன்பே பாதி சொல்லி முடித்திருப்பார்.

அந்தக் குரல்தான் போயிற்று. முதலில் கரகரப்பு, பிறகு தொண்டையில் வலி, பிறகு திருச்சியில் பரிசோதனை. குரல்வளையில் கட்டி, அதை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம் என்றார்கள். எடுத்தார்கள். ஆளைக் காப்பாற்றியும் விட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி கட்டியிருப்பார். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் வந்த குரலை ஒருமுறை கேட்டுவிட்டு, அதைப் பெட்டியிலேயே போட்டு மூடி வைத்தார். சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். 'வேணும்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அதில் எதுவும் எழுதமாட்டார். போனில் எழுதச் சொன்னால், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி ஒரு சொல்லுக்குள் அலுத்துப்போய் என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாலு மாதம் வீடு அப்படித்தான் இருந்தது. நான் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டு வந்தால், அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். காலையில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாரோ அதே பக்கம்.

இதில் பெரிய துயரம் எங்கள் வீட்டுப் பாப்பாவுடையது. பாப்பா என்றால் அத்தையின் மகள், என் கணவரின் தங்கை. கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். வெகுகாலம் காத்திருந்து உண்டான பிள்ளை. விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதையே முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். அப்படிச் செய்யச் சொன்னது அத்தை. அதன் பிறகு அவள் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார். நான் பின்னாலேயே போய்க் கேட்டால், கழுத்தைத் தொட்டுக் காட்டி, வயிற்றின் மேல் கையை வளைத்துக் காட்டி, தலையை ஆட்டுவார். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இந்தத் துளையைப் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். நான் அதைப் பாப்பாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவள் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவளே கூப்பிட்டாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுக்கப் போகிறார்கள் என்றாள்.

"மதினி, ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. நான் வந்து பாக்கலன்னு அம்மாவுக்கு எம்மேல கோவந்தான?"

"அப்படியெல்லாம் இல்ல பாப்பா."

"பின்ன ஏன் மொகத்தக் காட்ட மாட்டேங்குறாங்க? எனக்குப் பயமா இருக்கு மதினி. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அம்மா எங்கிட்ட பேசுறதுங்குறதே இல்லாமப் போயிரும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். நான் போனை வைத்ததும் கிட்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பீரோவுக்கு மேலே காட்டினார். நான் மறந்தே போயிருந்த அந்த லேப்டாப் துணியில் சுற்றி அங்கே இருந்தது.

இறக்கிவைத்து, மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். பாட்டரி செத்திருந்தாலும் சார்ஜர் வயரில் உயிர் வந்தது. அத்தை தன் பழைய தட்டச்சுப் பக்கத்தைத் திறந்தார். விரல் பட்டதும் கட்டைகள் படபடவென்று விழுந்தன. நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் என்னிடம் பேசினார்: 'பாப்பாவுக்கு நானே அனுப்பணும், இதுல இண்டர்நெட் வர வை.'

"நீங்க அடிங்க அத்தை, நான் போன்ல படம் எடுத்து அனுப்பிர்றேன். ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ஆனால் புரிந்துவிட்டது. பிரசவத்துக்கு உள்ளே போகப்போகிற மகளிடம் தாய் சொல்வது மருமகளின் போன் வழியாகப் போக வேண்டியதில்லை. அவர்களுக்குள் பேச ஒரு வழி வேண்டும். அதை உண்டாக்கித் தருவதுதான் என் வேலை.

நினைத்தது போல அது சுலபமாக இல்லை. வீட்டு வைஃபையின் பெயரை லேப்டாப் காட்டியது. பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் தவறு என்றது. குவைத்துக்குக் கூப்பிட்டேன். என் கணவர் வேலையிடத்தில் இருந்து சத்தத்துக்கு நடுவே சொன்னார்: "அந்தக் காலத்து மிசினுக்கு இந்தக் காலத்துப் பூட்டு தெரியாது. ஒயர்ல போடு. மோடத்துல இருந்து நேரா ஒயர் இழுத்தா பாஸ்வேர்டே கேக்காது." மோடம் டிவி மேசைக்குக் கீழே இருக்கிறது. அதோடு வந்த வயர் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அதனால் லேப்டாப்பைத் தரையில் வைத்து, அத்தைக்கு ஒரு மணைக்கட்டை போட்டு, நான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கணினிப் படங்கள் மின்னின. தொடர்பு வந்துவிட்டது.

ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும், இந்த இடம் பாதுகாப்பானது இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. மறுபடி குவைத்து. "தேதியப் பாரு" என்றார். பார்த்தேன். நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்வதற்கு முந்தைய ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி முதல் தேதியில் நின்றது. உள்ளே இருக்கிற கடிகார பாட்டரி தீர்ந்துவிட்டதாம். தேதி பின்னால் போனால், இன்றைய பக்கங்கள் எல்லாம் அதன் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியுமாம். தேதியை மாற்றினேன். எச்சரிக்கை போயிற்று, பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்து வைத்தேன். மறுபடி குவைத்துக்குக் கூப்பிட்டேன்.

"பிரவுசர் ரொம்பப் பழசு. அந்த மிசினுக்குப் பொருந்துற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு நம்மூர் கடையில கேளு. பேங்க் சமாச்சாரம் மட்டும் அதுல பாத்துராத" என்றார் கணவர். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரர் முதலில் சிரித்தார்.

"அக்கா, அத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. ஆர்டர் போட்டா வியாழக்கிழம வந்துரும்."

"திங்கக்கிழம ஆபரேஷன் தம்பி" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார். பழைய கணினிகளில் ஓடுவதற்கென்று யாரோ ஆக்கி வைத்திருக்கிற பிரவுசர் ஒன்றைத் தேடி இறக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "ஓடுனா ஓடும், ஓடலன்னா என்னைத் திட்டாதீங்க" என்றார்.

ஓடியது. ஆனால் மெதுவாக. ஒவ்வொரு பக்கமும் மேலே இருந்து கீழே, திரைச்சீலை இறங்குவது போல இறங்கியது. அத்தையின் மின்னஞ்சல் பக்கம் முழுதும் திறந்தபோது, வக்கீல்கள் எப்போதோ அனுப்பிய கடிதங்கள் வரிசையாக நின்றன. அத்தை என் முதுகில் தட்டினார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெகுநேரம் கட்டைகள் விழும் சத்தம் கேட்டது. நடுவில் நிற்கும்; மூக்கை உறிஞ்சும் சத்தம் வராது, அவருக்கு மூச்சு கழுத்து வழியாகத்தான். மறுபடி சத்தம் தொடங்கும். வக்கீல்களுக்கு அனுப்பிய பழக்கத்தில், அடித்த பக்கத்தை அப்படியே கோப்பாக இணைத்து மகளுக்கு அனுப்பிவிட்டார். கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம்.

பதில் மின்னஞ்சல் வரவில்லை. என் போன் அடித்தது. பாப்பா அழுதுகொண்டிருந்தாள்.

"மதினி, அம்மாவுக்கு என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க. பக்கம் பக்கமா என்னென்னமோ வந்திருக்கு. வார்த்தையே இல்ல. எல்லாம் இங்கிலீசு எழுத்து, புள்ளி, கோடு. மண்டையில ஏதும் அடிபட்டுருச்சா?"

அத்தையைப் பார்த்தேன். அவர் தெளிவாகத்தான் உட்கார்ந்திருந்தார். "மொத எழுத்துல இருந்து ஒவ்வொன்னா வாசி பாப்பா" என்றேன்.

"எம். கே. அப்பறம் செமிகோலன். மறுபடி கே. எச்."

அவள் சொல்லச் சொல்ல அத்தையின் விரல்கள் தாமாகவே கட்டைகள் மேல் போயின. எம், கே, செமிகோலன், கே, எச். திரையில் 'அம்மா' என்று விழுந்தது.

"அது 'அம்மா'டி!" என்று கத்தினேன். "ஒண்ணும் ஆகல. அது பழைய எழுத்து. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து ஒன் போன்ல இல்ல, அதான் இங்கிலீசாத் தெரியுது!"

எங்கள் ஆபீஸுக்கு வரும் பழைய சுற்றறிக்கைகளும் இப்படித்தான் தெரியும். அவற்றைப் புதிய எழுத்துக்கு மாற்றித் தருகிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. நாங்கள் அடிக்கடி பயன்படுத்துவது. அதைப் பாப்பாவுக்கு அனுப்பி, அம்மா அனுப்பியதை அதில் ஒட்டச் சொன்னேன். அவள் எழுதுவதையும் அதிலேயே பழைய எழுத்துக்கு மாற்றி அனுப்பினால், அத்தை தன் பக்கத்தில் ஒட்டிப் படித்துக்கொள்ளலாம். "சரி மதினி" என்று வைத்தவள், பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. பொழுது சாயும்வரை ஹாலில் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் காப்பி கொண்டுபோய் வைத்தபோது அத்தை திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மதியம் சேதி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். கொஞ்ச நேரத்தில் பாப்பாவே வீடியோவில் வந்தாள். அத்தை உள்ளே போகவில்லை. கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாப்பா அந்தத் துணியை ஒரு தரம் பார்த்தாள்; பிறகு குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். இதற்கா நாலு மாதம் பயந்தோம் என்று இருந்தது எனக்கு.

போனை வைத்ததும் நான் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தேன். அத்தை மணைக்கட்டையில் உட்கார்ந்து, வா என்று கையைக் காட்டினார். எனக்காக ஏதோ அடித்து வைத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, கண் கலங்கத் தயாராகக் குனிந்தேன்.

'ஆத்தா, நாலு மாசமா எங்கிட்ட ஏன் இப்பிடிக் கத்திக் கத்திப் பேசுற? எனக்குப் போனது கொரல்தான். காது நல்லாக் கேக்குது.'

நினைத்துப் பார்த்தால், உண்மைதான். சாப்பிட வாங்க என்பதைக்கூட ஊருக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான் பேசிவிட்டுப் போவார். டிவியைக்கூடச் சத்தமாக வைத்திருக்கிறோம். அவர் பேசாததால் அவருக்குக் கேட்காது என்று எங்கள் வாய் தானாக முடிவு செய்துகொண்டது போல. நான் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அத்தை என் தலையில் கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுத்த வரியை அடித்துக்கொண்டிருந்தார். அது அடுத்த வீட்டுக்காரம்மாவைப் பற்றிய புகார்.

அதற்குப் பிறகு பாப்பா குழந்தையோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். வரும்போது அம்மாவுக்கு மெலிதான புது லேப்டாப் ஒன்று வாங்கி வந்தாள்; அதில் தட்டச்சு முறையிலேயே புதிய தமிழ் எழுத்து வரும்படி செய்து கொடுத்தாள். அத்தை ஒரே நாளில் அதற்கு மாறிவிட்டார். பழையதன் மேல் அவருக்கு ஒரு பாசமும் இல்லை; எடைக்குப் போடச் சொல்லி இரண்டு தடவை அடித்துக் காட்டினார். நான்தான் போடவில்லை. துணியில் சுற்றிப் பழையபடி பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறேன். போன வாரம் திருச்சிக்குப் போய்ப் பரிசோதனை முடித்து வந்தோம். சுத்தமாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாலில் அத்தை சிங்கப்பூரோடு பேசிக்கொண்டிருக்கிறார். கட்டைகள் விழும் வேகத்தைப் பார்த்தால், பேச்சு என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.