வாய்க்காலில் ஊற்றிய ஒரு கிளாஸ் தண்ணீர்

ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை இது. மன்னிப்புக் கேட்கப் போனேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, மதுரையில் காலை 7.10-க்குச் செங்கோட்டை ரயில் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். 9.40-க்குச் சங்கரன்கோவில். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோக்காரர் அறுபது கேட்டார், கொடுத்தேன். பேரம் பேசும் மனநிலையில் இல்லை.

அங்கிருந்து கரிவலம்வந்தநல்லூர் பத்து கிலோமீட்டர் சொச்சம். ராஜபாளையம் பஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய். (இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், மலை தெரியும்.) நானோ கண்ணை மூடிக்கொண்டு, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

விஷயம் இதுதான். ஒரு ஆய்வுக்கூடத்தில் தக்காளி வாடல் நோயைப் பற்றி வேலை பார்க்கிறேன். தை மாதம் மாதிரி எடுக்க இதே ஊருக்கு வந்திருந்தேன். நோய் கண்ட தோட்டத்தில் செடிகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, பக்கத்துத் தோட்டத்துச் சுடலைமுத்து அண்ணாச்சி கூப்பிட்டு மோர் கொடுத்தார். அவர் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. "அது என்ன நோயி சார்?" என்றார்.

வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் மனைவி முப்பிடாதி அக்காவிடம் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் வாங்கி, பையிலிருந்த நோய்ச்செடியின் தண்டை வெட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்டிலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா.

பிறகு என் பிரசங்கம். பாக்டீரியா நுழைந்தால் செடிக்குத் தெரியும், தற்காப்பு வேலையைத் தொடங்கும். இந்த பாக்டீரியாவோ ஊசி போடுகிற மாதிரி சில புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும். ஆபத்து என்று சேதி கடத்துகிற இடங்களில் அவை போய்க் கைவைக்கும். சேதி போகாது, செடி சும்மா இருக்கும். அதற்குள் வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு, பச்சை இலையோடு தொங்கிவிடும். இருவரும் வாய் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பேசிக்கொண்டே கிளாஸ் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்ட வேண்டிய தண்ணீர் அது. ஆய்வுக்கூடத்தில் யாராவது ஒரு சொட்டு சிந்தினால் கத்துகிறவன் நான். போன வாரம் அண்ணாச்சி போன் செய்து, செடி தொங்குகிறது என்றதும்தான் அந்தக் கிளாஸ் நினைவுக்கு வந்தது.

பதினொரு மணிக்குத் தோட்டத்தில் நின்றேன். வாய்க்காலை ஒட்டிய இரண்டு பாத்தி முழுக்கப் போய்விட்டது. மற்ற இடத்திலும் அங்கங்கே தொங்கல். செடிகளின் தூரில் அக்கா, நோய் தீரும் என்று கோயில் புற்றுமண் தூவியிருந்தார்.

"நாத்து வாங்குன எடந்தான் சரியில்ல சார். நாளைக்கு அவன நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"நாத்துக்காரர ஒண்ணும் கேக்காதீங்க அண்ணாச்சி. அன்னைக்கு நான் ஊத்துன தண்ணிதான். என் செருப்புச் சேறும் சேந்திருக்கும்" என்றேன். இந்த மண்ணில் இனிச் சில வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய் கூடாது, சோளம் போடலாம் என்பதையும் சொன்னேன். அவர் வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காதான் பேசினார். "நீங்க ஊத்தும்போதே பாத்தேன் சார். கையப் புடிக்கணும்னு வந்துச்சு. படிச்சவிய ஊத்துதாவ, தெரியாமலா ஊத்துவாவன்னு வாய மூடிக்கிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த பாக்டீரியா செடியை எப்படிச் சும்மா இருக்க வைக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கியவன், அதையே அக்காவுக்குச் செய்திருக்கிறேன்.

தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: நோய்த் தோட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள். மாற்றுச் செருப்பு, பிளீச்சிங் பவுடர், இறுக மூடும் டப்பா மூன்றும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வரப்பில் ஏறும் முன்பே தோட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், நான் எதையாவது தப்பாகச் செய்தால் கையைப் பிடித்துவிடுங்கள் என்று. படித்தவன் கையை யாரும் தானாகப் பிடிக்கமாட்டார்கள்.