மனிசிக்குச் சரியான வருத்தம்

போன கிழமை கீழ்வீட்டுப் பிள்ளை வந்து கதவைத் தட்டினாள். சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்குக் கணினி வேலைக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் என் மனைவியோடு சேர்ந்து நடக்கப் போவாள்.

"அன்ரிக்கு வருத்தம் பிள்ளை, இண்டைக்கு வரமாட்டா" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, என்மேலயா அங்கிள்? நேத்து சலவை ரூம்ல ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

எனக்குச் சிரிப்பு. "காய்ச்சல் பிள்ளை. எங்கட நாட்டு ஆக்களுக்கு வருத்தம் எண்டா நோய்" என்று விளக்கிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றுவிட்டது. வெளியே முழங்கால் அளவு பனி. எனக்கோ லூசாக்காவின் சிவப்பு மண் மணத்தது.

சாம்பியாவுக்கு நான் கணக்கு வாத்தியாராகப் போனபோது இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூட வளவுக்குள் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு வரிசையாக வீடுகள், முற்றத்துக்கு ஒரு பப்பாசி மரம். சந்தையில் கபெந்தா என்று ஒரு சின்ன மீன் கருவாடு விற்கும். நெத்தலி என்று மனதைத் தேற்றிக்கொண்டு குழம்பு வைப்போம். பக்கத்து வீட்டில் மதுரைக்காரர். நான் பௌதிகம் என்றால் அவர் இயற்பியல் என்பார், அதற்கே முறைத்துக்கொள்வோம். வளவுக்குள் அவரிடம் மட்டும்தான் கார். அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றுக்காக எங்கள் இருவரின் மனைவிமாரும் சண்டை பிடித்த மறுநாள், என் மனைவிக்கு மலேரியா. வயிற்றில் நாலு மாதம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மானத்தை விட்டு அவரிடம் ஓடினேன்.

"மனிசிக்குச் சரியான வருத்தம் சார். அதுதான்..."

"வருத்தம்னா அவங்களே வந்து பேசட்டும். நீங்க எதுக்குத் தூது வர்றீங்க?"

கொதிக்கிறவளை எழுந்து வரச் சொல்கிறான் பாவி! எனக்கு ரோசம். காரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் திரும்பிவிட்டேன். தெருவில் சோளமா லொறி ஒன்றை மறித்து அவளை ஏற்றினேன். சாரதி தன் சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். மனைவி பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

நாலாம் நாள் மதுரைக்காரர் பப்பாசிப் பழத்தோடு வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனார். அங்கேயே கிடந்து அழுகட்டும் என்று விட்டேன். நோர்வேக்கு வந்த பிறகும், பஸ்ஸில் அவர் நாட்டுத் தமிழ் காதில் விழுந்தாலே எழுந்து வேறு இருக்கைக்குப் போவேன். கீழ்வீட்டுப் பிள்ளையைக்கூட முதல் ஆறு மாதம் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

கீழ்வீட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, அன்று நான் சொன்ன சொல்லை மதுரைக்காரர் எப்படி விளங்கியிருப்பார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் போர்வையை விலக்கினாள்.

"அப்ப, அண்டைக்கு நீங்கள் காய்ச்சல் எண்டு சொல்லியிருந்தா...?"

"ஓம்" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். இத்தனை வருடமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்கு ஒருவர் இருந்தார். இனி அவரைத் திட்ட முடியாது.