அம்மாவுக்கு யானை காட்டப் போன பயணம்

ரிட்டயரான தன் அப்பாவுக்குப் பரிசாக ஒரு காட்டுப் பயணம் ஏற்பாடு செய்யலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். நான் அப்படி ஒரு முறை போயிருக்கிறேன். 1983 பிப்ரவரியில், திருவண்ணாமலையிலிருந்து முதுமலைக்கு, முழுக்க முழுக்க பஸ்ஸில், என் அம்மாவை அழைத்துக்கொண்டு. ரூபாய்க் கணக்கைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். தூரமும் மலையும் அப்படியேதான் இருக்கின்றன, உங்களுக்கு அது போதும்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து கிராமம் எங்களுடையது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் ஜைனக் குடும்பம். நெல்லும் மல்லாட்டையும் பயிர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். கிழங்கு கிடையாது. அவ்வப்போது ஏதாவது ஒரு பண்டத்தை நோன்பாக விட்டுவிடுவதும் வழக்கம்.

அப்பா இறந்த பிறகு அம்மா இப்படி விட ஆரம்பித்தார். முதலில் இனிப்பு போனது. பிறகு தயிரும் நெய்யும். அப்புறம் சாயங்காலச் சாப்பாட்டையே விட்டுவிட்டு, காலை பதினோரு மணிக்கு ஒரே வேளை என்று ஆக்கிக்கொண்டார். அந்த ஒரு வேளைச் சோறும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. வேறு வீடாக இருந்தால் திட்டிச் சாப்பிட வைத்திருப்பார்கள். நோன்பு என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. முதுமையும் நோயும் முற்றியவர்கள் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு உயிரையும் விடுவதை எங்கள் சமயம் ஏற்கிறது. ஆனால் அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது, ஒரு நோயும் கிடையாது.

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலடா. ஆனா அப்பா பின்னாடியே கெளம்பிட்டாங்க," என்றாள் அக்கா. அவளைக் கீழ்பென்னாத்தூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அழுவாள். நான் திருவண்ணாமலையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

காடு எப்படி நினைவுக்கு வந்தது என்றால், எங்கள் ஊர்க் கோயிலால்தான். ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் ஓர் அடையாளம் உண்டு, சிலையின் பீடத்தில் செதுக்கியிருப்பார்கள். பாதிக்கு மேல் விலங்குகள்தான். அஜிதநாதருக்கு யானை, சாந்திநாதருக்கு மான், விமலநாதருக்குப் பன்றி, அபிநந்தனருக்குக் குரங்கு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் இருபத்து நான்கு பேரையும் அடையாளத்தை வைத்தே வரிசையாகச் சொல்வார். இந்த விலங்குகளையெல்லாம் ஒரு தபா உயிரோடு பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். மல்லாட்டை பிடுங்கி முடியட்டும் என்று அப்பா ஒவ்வொரு வருடமும் தள்ளிப் போட்டார். விவசாயி வீட்டில் எந்த ஆசைக்கும் அதுதான் பதில்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஏற்பாட்டில் இறங்கினேன். ஊட்டியில் இருந்த வனத்துறை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு, முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் ஓர் அறையை ஒரே ஓர் இரவுக்கு வாங்கினேன், இருபது ரூபாய். சாயங்கால வேன் சவாரி, ஆளுக்கு ஐந்து ரூபாய். மறுநாள் விடிகாலை யானைச் சவாரி. அது முடிந்ததும் எட்டரை மணி பஸ்ஸில் திரும்ப வேண்டியது. சாயங்கால வேன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில்தான் புறப்படும். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அம்மாதான் சாயங்காலம் சாப்பிடுவதே இல்லையே.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இன்னாத்துக்குடா இந்த வேண்டாத செலவு?" என்றார். பணம் கட்டியாகிவிட்டது, திரும்ப வராது என்றேன். அது பாதிப் பொய். பணம் வீணாவதை மட்டும் அம்மா தாங்க மாட்டார், கிளம்பிவிட்டார்.

காலை ஐந்தரைக்குத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினோம். (பௌர்ணமியை ஒட்டிக் கிளம்பாதீர்கள். அப்போதே பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு, இப்போது கேட்கவே வேண்டாம்.) செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம், ஏறக்குறைய நூற்றறுபது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். அக்கா இட்லி, புளிசோறு, வறுத்த மல்லாட்டை எல்லாம் கட்டிக் கொடுத்திருந்தாள், ஒரு கல்யாண கோஷ்டிக்குக் காணும். சேலம் பஸ் ஸ்டாண்டில் பதினோரு மணிக்கு அம்மா இரண்டு கைப்பிடி புளிசோறு சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத்தை மடித்துவிட்டார். மீதியை நான் சாப்பிட்டேன். அந்தப் பயணம் முழுக்க எனக்கு இதே வேலைதான்.

கோயம்புத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ராத் தங்கல். காலை ஆறு மணிக்கு ஊட்டி பஸ், எண்பத்தாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மலை ஏறும்போது வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முன் வரிசையில் உட்காருங்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆயிற்று. ஊட்டியில் குளிர் அதிகம். அக்கா கட்டிக் கொடுத்தவை முந்தின நாளோடு சரி, அதனால் ஒரு ஹோட்டலில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இல்லாத பண்டமாக விசாரித்து, கடைசியில் இட்லியில் வந்து நின்றோம். அம்மா ஒன்றரை இட்லி சாப்பிட்டார். நான்கு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டேன், எனக்குத்தான். அங்கிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காடு அறுபத்தேழு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். போய்ச் சேரும்போது மணி இரண்டரை.

வேன் நாலரைக்கு. சாப்பிடும் பண்டம் எதுவும் வண்டிக்குள் கூடாது, வாசனைக்கு விலங்கு வரும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். கூடலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். பார்சலை அறையிலேயே வைத்துப் பூட்டினேன். வேனில் எங்களோடு மதராஸிலிருந்து வந்த ஒரு புதுக் கல்யாண ஜோடி, கழுத்தில் கேமராவோடு. அவ்வளவுதான் கூட்டம்.

முதல் பத்து நிமிடத்திலேயே மான்கள் வந்துவிட்டன. புல்லில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. அம்மா கை கூப்பவில்லை, பேர் மட்டும் சொன்னார், "சாந்திநாதர்." கொஞ்ச தூரத்தில் குரங்குகள். "அபிநந்தனர்." ஒரு பன்றி குட்டிகளோடு பாதையைக் கடந்தபோது, "விமலநாதரப் பாரு, நம்ம கொல்லைல வந்து மல்லாட்டையப் பூரா தோண்டிட்டுப் போவாரே," என்றார். அப்பா இறந்த பிறகு அம்மா கேலியாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செங்கம் ரோட்டில் பக்கத்து அறை வெள்ளைக்காரரிடம் இரவல் வாங்கிப் போயிருந்த பைனாகுலரை நீட்டினேன். "அது பாட்டுக்குத் தூரத்துல இருக்கட்டும், நாம எதுக்குக் கிட்ட இழுக்கணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தரை மணி இருக்கும். அம்மா என் பக்கம் குனிந்து, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"பசிக்குதுடா."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை. "சாப்புடுறியாம்மா?" என்றேன். "பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா ரெண்டு இட்லி துன்னலாம்," என்றார்.

அப்புறம் எனக்கு மான் தெரியவில்லை, மரம் தெரியவில்லை. அறையில் இட்லி இருக்கிறது, ஆறு இருபதுக்குத்தான் பொழுது சாயும், இன்னும் நேரம் இருக்கிறது. டிரைவரிடம் போய்ச் சீக்கிரம் திரும்பிவிடலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். நம்புகிறவர் மாதிரி தெரியவில்லை, ஆனாலும் சரிங்க, கால் மணி நேரத்தில் கொண்டு விட்டுவிடுகிறேன் என்றார். கேமரா ஜோடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. இன்னும் யானையைப் பார்க்கவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம்.

அடுத்த வளைவில் யானை நின்றது.

ஒன்று இல்லை, நான்கு. அதில் ஒன்று குட்டி. பாதையின் நடுவில் நின்று ஓரத்து மூங்கிலை வளைத்து ஒடித்துத் தின்றுகொண்டிருந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். நானூறு கிலோமீட்டர் தாண்டி யானையைப் பார்க்க வந்தவன், யானை தொலைந்து போகாதா என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஹாரன் அடிச்சுப் பாக்கலாமா?" என்றேன் மெதுவாக.

"குட்டி இருக்குங்க. ஹாரன் அடிச்சா தப்பாயிடும்."

"இன்ஜினையாவது ஸ்டார்ட் பண்ணுங்களேன், சத்தத்துக்கு நகரும்."

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "ஏன்டா அவர அவசரப்படுத்துற? பாவம், அதுங்க சாப்புட்டுட்டு இருக்குதுங்க, சாப்புடட்டும். நமக்குத்தான் நாளைக்கு இருக்குதே."

வெயில் முழுவதும் இறங்கிவிட்டது. அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய் ஒடித்துப் போட்ட மூங்கிலைத் தூக்கத் தெரியாமல் அது காலால் உருட்டிக்கொண்டிருந்தது. அம்மா சத்தமில்லாமல் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, துக்கமெல்லாம் இல்லை. யானைகள் விலகி நாங்கள் அறைக்கு வந்தபோது மணி ஏழு. பொழுது சாய்ந்துவிட்டதால் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டார். பசிக்கிறதா என்று கேட்டேன். "பசிக்குது, போய்த் தூங்கு," என்றார்.

விடிகாலையில் யானைச் சவாரிக்குக் கூப்பிட்டேன். யானை மேல் ஏறவேண்டும் என்பதை அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். "அது முதுகுல நாம எதுக்குடா ஏறணும்? நமக்குக் கால் இல்லியா?" என்றார். வண்டி மாட்டை வைத்து வாதம் செய்து பார்த்தேன், எடுபடவில்லை. எந்த வீட்டில் வளர்ந்தேன் என்பதை யோசித்து ஏற்பாடு செய்திருக்க வேண்டும். கட்டிய பணம் போனது போனதுதான், ஆனால் இந்த முறை அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சவாரிக்குப் பதிலாக, அங்கே வனத்துறை முகாமில் வளர்க்கும் யானைகளுக்குத் தீனி போடுவதைப் பார்க்கப் போனோம். கேழ்வரகைக் களியாகக் கிண்டி, பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, பாகன்கள் அவற்றின் வாய்க்குள்ளேயே வைக்கிறார்கள். தவறவிடாமல் பாருங்கள், முதுமலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அம்மா களியைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா கிண்டறதவிட நல்லா கிண்டியிருக்காங்க," என்றார். சூரியன் மேலே வந்ததும் அங்கிருந்த சின்னக் கடையில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். ஐந்தாவதையும் கேட்டார். நான் எதுவும் பேசாமல் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேசினால் நின்றுவிடுமோ என்று பயம்.

கை கழுவிக்கொண்டே, "இன்னிக்கும் இருந்துட்டுப் போவலாமாடா? அந்தக் குட்டி மறுபடி வருதான்னு பாக்கலாம்," என்றார்.

அறை காலி இல்லை. வரவேற்பு அறையில் இருந்தவரிடம் அரை மணி நேரம் கெஞ்சி, மாணவர்கள் தங்கும் கூடத்தில் இரண்டு கட்டில் வாங்கினேன். அலுவலகத்துக்குத் தந்தி அடித்தேன், அதற்கு அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அந்தக் குட்டி வரவில்லை. அம்மா பதினோரு மணிக்கும் சாப்பிட்டார், சாயங்காலம் நாலரைக்கும் சாப்பிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வேளை நிலைத்தது. அதன் பிறகு பல வருடம் இருந்தார், என் கல்யாணத்தில் சமையல்காரரோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக.

கேட்ட நண்பருக்கு இப்போது விவரம் சொல்கிறேன். அறை, சவாரி நேரம், கட்டணம் எல்லாம் இன்று வேறு. போன வாரத் தகவலைக்கூட நம்பாமல் நேரடியாக விசாரித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரு கம்பளி, முழங்கால் வலி இருந்தால் வேனில் முன் இருக்கை. அவர் என்ன சாப்பிடுவார், எப்போது சாப்பிடுவார் என்பதை வைத்துச் சவாரியைப் போடுங்கள், சவாரியை வைத்துச் சாப்பாட்டைப் போடாதீர்கள். கையில் பணம் இருந்தால் அறையை ஒரு நாள் கூடுதலாகவே எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. பணம் இல்லை என்பது காரணம் அல்ல. அம்மா இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.