புட்டியில் அடைத்த புழுவும் ஒரு கல்யாணமும்

என் தங்கை மகனுக்குப் புழு டாக்டர் என்று பட்டப்பெயர். புழுவைப் பிழைக்கவைப்பவன் அல்ல, அதன் வம்சத்தை முடித்துவைப்பவன். மாம்பழங்களைப் பெட்டி பெட்டியாகக் கதிர்வீச்சு அறைக்குள் அனுப்பி, மறுபக்கம் எடுத்துக் கப்பலுக்கு ஏற்றும் நிலையத்தில் வேலை. அறையைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவரில் யானை முட்டினால் யானைக்குத்தான் தலைவலி வரும். அதற்கு வெளியே பொத்தான்களின் முன் உட்கார்ந்து அவன் கொட்டாவி விடுவான்.

பழ வியாபாரி ஒருவரின் மகளுக்கும் அவனுக்கும் பிடித்துப்போயிற்று. பெண் கேட்கப் போன அன்று, அவர் மேசையில் நிலையத்துக்குப் போய்வந்த பழம் ஒன்று பிளந்து கிடந்தது. நடுவே ஒரு புழு சொந்த வீட்டில் படுத்திருப்பதுபோல் நெளிந்தது.

"இதுதான் உங்க வேலையோட லட்சணமா, தம்பி?"

புழு உடனே சாக வேண்டியதில்லை. பழ ஈயாகிப் பறக்காது, முட்டையிடாது, அதுவே போதும் என்று இவன் விளக்கினான். தின்பவருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றான். அவர் மசியவில்லை. பழத்தோடு புழுவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுத் துணியால் வாயைக் கட்டினார். நிலையத்துப் பக்கமே போகாத ஒரு புழுப்பழத்தை இன்னொரு புட்டியில் அடைத்தார். முதல் புட்டியில் ஈ வந்தால் பெண் கிடையாது.

இரண்டும் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தன. மகள் முதல் புட்டியை முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாவதில் ஈக்கள் குடும்பம் குடும்பமாகப் பறந்தன. முதலாவதில் புழு கூட்டுப்புழுவாகி, பழுப்பேறி, அப்படியே காய்ந்துபோனது.

டாக்டர் புதுச் சட்டையில் போய் நின்றான். வியாபாரியின் முகம் முன்னைவிட இருண்டிருந்தது.

"நீங்க சொன்னது சரிதான். ஒரு தடவை உள்ள போய் வந்த புழுவுக்கே வாரிசு இல்ல. தினமும் அங்கயே கிடக்கற ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

மகள் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"உள்ள போறது பெட்டிப்பா, இவர் இல்ல. நான் நேர்லயே போய்ப் பாத்துட்டேன். அந்தச் சுவரைத் தாண்டி இவரோட கொட்டாவிகூட உள்ள போகாது."

கல்யாணம் நடந்தது. முதல் பிரசவத்தில் இரட்டை. அடுத்ததிலும் இரட்டை. நான்கும் தாத்தா கடையில்தான் வளர்கின்றன. அவை கடித்துப்போட்டது போக எந்தப் பூச்சிக்கும் அங்கே மிச்சமில்லை. போன வாரம் தராசையும் கவிழ்த்துவிட்டன. சிதறிய பழங்களுக்கு நடுவே நின்று வியாபாரி மருமகனை ஓரமாக அழைத்தாராம்.

"ஏன் மாப்பிள்ளை, அந்தச் சுவர் அவ்வளவு தடியா இருந்தே ஆகணுமா?"