விஜயதசமியன்று ஏழு காட்டிய மீட்டர்

பழுதான கருவிகளில் இரண்டு வகை உண்டு. உடைந்து கிடப்பது ஒன்று. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. தவறான எண்ணை நிதானமாக, கௌரவமாகக் காட்டுவது இன்னொன்று. ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்காலம் முழுவதையும் இந்த இரண்டாம் வகைக்குப் பயந்தே கழித்தேன். பயப்படுவதற்குத்தான் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரத்தோடு அந்தப் பயமும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என் மகள் கணினி வேலையை விட்டுவிட்டு, மராத்திக்காரர்கள் ஊரான விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மண்ணில்லாமல் லெட்யூஸ் கீரை வளர்க்கத் தொடங்கினாள். பச்சை வலைக்கடியில் சாய்வாகப் படுக்கவைத்த பிவிசி குழாய்கள். அவற்றில் வரிசையாகத் துளைகள். துளைக்கு ஒரு செடி. தொட்டியிலிருந்து சத்துக் கரைசலைப் பம்பு ஏற்றும். அது வேர்களை நனைத்தபடி ஓடித் தொட்டிக்கே திரும்பும். அமிலம் கூடக்கூட இறங்கும் எண்ணான பிஎச், கரைசலில் ஆறுக்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் செடி சத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் தண்ணீர் ஏழரைக்குக் குறைந்ததில்லை. அதனால் தினமும் காலையில் மீட்டரில் பார்த்து, பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் விட்டு இறக்குவாள்.

கோரேகாவ் பார்க்கில் ஓர் உணவகம் முதல் அறுவடையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இது கைவிட்டுப் போனால் பழைய வேலைக்கே திரும்புவதாகக் கணவனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். பழைய மேலாளர் அவளுடைய நாற்காலியை இன்னும் யாருக்கும் தரவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். 

விஜயதசமி காலை ஸ்ரீகண்ட் இனிப்பு வாங்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து, டப்பாவோடு நேரே மாடிக்குப் போனேன். மகள் தொட்டியருகே குந்தியிருந்தாள்.

"அப்பா, இன்னிக்குத் தண்ணி ரொம்ப ஹட்டி, ஒரே பிடிவாதம். எவ்வளவு ஆசிட் விட்டாலும் ஏழுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது."

"எவ்வளவு விட்ட?"

பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். பூஜைக்கு முன்பு முக்கால்வாசி இருந்தது. இப்போது அடி தெரிந்தது. அவ்வளவு அமிலத்துக்கு எந்தத் தண்ணீரும் இறங்கியிருக்கும்.

"பம்ப நிறுத்து."

"வேர் காஞ்சிரும்பா. வெயிலப் பாருங்க."

"ஆசிட்ல வெந்து போறதுக்குக் காயறது மேல். நிறுத்தும்மா."

நிறுத்தினாள். மீட்டரை அலசி, அளவு தெரிந்த சோதனைக் கரைசலான ஏழாம் எண் பஃபரில் தோய்த்தேன். ஏழு என்றது. பிறகு நான்காம் எண் பஃபரில் தோய்த்தேன். நான்கு காட்ட வேண்டிய இடத்தில் ஆறு புள்ளி ஒன்பது காட்டி, அதிலேயே நிலைத்து நின்றது. துளிகூட ஆடவில்லை. பண்டிகை அவசரத்தில் மகள் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டாள். மீட்டரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். முனையிலிருந்த கண்ணாடிக் குமிழை மஞ்சளாக ஒரு தோல் மூடியிருந்தது. நடுவில் குங்குமம்.

அதற்குள் மனைவி ஸ்ரீகண்டைத் தேடி மேலே வந்துவிட்டாள்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?" என்றேன்.

"நாந்தான். ஸ்கூட்டருக்கு வச்சேன், மிக்சிக்கு வச்சேன், கத்தரிக்கோலுக்கு வச்சேன். புள்ளைக்குச் சோறு போடப் போற சாமான், இதுக்கு மட்டும் வைக்காம விடுவனா?"

"மூடியக் கழட்டியா வச்ச?"

"பின்ன? மூடிக்கா பூஜை பண்ணுவாங்க?"

வாதத்தில் ஓட்டை இல்லை. ஈரத்திலேயே இருக்க வேண்டிய குமிழ் அது. துணியால் துடைப்பதே குற்றம், ஒற்றத்தான் வேண்டும். அதில் சந்தனத்தை அப்பி, ஆயுத பூஜையன்று எதையும் தொடக் கூடாது என்பதால் ஒரு பகலும் இரவும் காயவிட்டிருந்தோம். எந்த ஆய்வுக்கூடக் கையேட்டிலும் இப்படி ஒரு பழுது எழுதியிருக்காது. எழுதியவர்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை கிடையாது.

சரி, தொட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது? பூஜைத் தட்டிலிருந்து செம்பருத்தியை எடுத்து வெந்நீரில் கசக்கினேன். அமிலம் பட்டால் சிவக்கும் அந்தச் சாற்றை வீட்டுக் குழாய்த் தண்ணீரில் விட்டபோது மங்கலான ஊதாவாக நின்றது. தொட்டித் தண்ணீரில் விட்டதும் சர்பத் போலப் பளீரென்று சிவந்தது. பிஎச் மூன்றை ஒட்டி இருக்கும். காலையிலிருந்து அந்தத் தண்ணீர்தான் வேர்களில் ஓடியிருக்கிறது.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முடிஞ்சுதுல்லப்பா?" என்றாள். 

"என்னத்த முடிஞ்சுது? எந்திரி," என்றாள் மனைவி. "கொழம்புக்கு ஒரு கொடம் விட்டுட்டு வீட்ல இருக்கற தண்ணி பூரா எடுத்துக்கோங்க."

தொட்டியைக் காலி செய்தோம். கீழே வீட்டிலிருந்த டிரம்மிலிருந்து வாளி வாளியாக மேலே சுமந்து, வெறும் தண்ணீரை ஓடவிட்டு, அதையும் கொட்டி, மறுபடி நிரப்பினோம். சத்து கலக்கவில்லை. அளக்க மீட்டர் இல்லாமல் கலக்க எனக்குத் துணிவில்லை. குமிழைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நீர்த்த அமிலத்தில் தோய்த்து, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிறுத்தினேன். மூன்று பேரும் ஒரு கண்ணாடிக் குமிழுக்குக் காவல் இருந்தோம். சாயங்காலம் நான்காம் பஃபரில் ஐந்து என்றது. பிறகு நாலரை. மறுநாள் காலை, பெரிய உபகாரம் செய்வது போல மெதுவாக இறங்கி, நான்கைத் தொட்டது. அதன் பிறகுதான் சத்து கலந்தோம்.

செடிகள் அப்படி இறங்கி வரவில்லை. இலை விளிம்புகள் கருகின. சில குழாய்களில் செடிகள் தலை சாய்ந்துவிட்டன. நான் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டு, பேப்பரை மடித்து மடித்துப் படித்தேன். மேலே அவள் காலடிச் சத்தம் நின்றால் படித்த வரியையே மறுபடி படித்தேன்.

ஒரு காலையில், "அப்பா, மேல வாங்க," என்று கூப்பிட்டாள். குரலில் எதுவும் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒரு செடியைத் துளையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தாள். பழுப்பேறித் தொங்கிய வேர்களுக்கு நடுவே, பல் முளைப்பது போல வெள்ளையாக நுனிகள்.

"பாதி தேறும்பா. ஓட்டல்காரங்ககிட்டக் கேட்டுட்டேன். பாதி குடுத்தாலும் சலேகா, போதும், ஒரு வாரம் லேட்டானாலும் பரவால்லன்னுட்டாங்க."

பிறகு என் முன்னாலேயே பழைய மேலாளருக்குப் போன் போட்டு, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். ஆங்கிலத்தில் ஒரு முறை. அவர் நம்பாததால் இந்தியில் ஒரு முறை.  நான் மீட்டரை எடுத்து நான்காம் பஃபரில் தோய்த்து, எண் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.