மணிக்கட்டுப் புள்ளி

கொச்சி மட்டாஞ்சேரியில், ஏலக்காய்க் கிடங்கு ஒன்றின் வாசலில், பதினோரு வருடமாக மருதாணி போட்டுவருகிறாள் சந்தனமாரி. ஊர் சங்கரன்கோவில், வயது நாற்பத்திரண்டு. ஒரே மணி நேரத்தில் கருப்பாகப் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு, தலைக்கு அடிக்கும் சாயப்பொடியைக் கலந்து போடுவாள். ஆனால் எந்தக் கலவையையும் முதலில் தன் இடது மணிக்கட்டில் புள்ளியாக வைத்து, ஒரு மணி நேரம் பார்த்த பிறகே அடுத்தவர் கையைத் தொடுவாள். அதில் தவறியதே இல்லை.

செவ்வாய்க்கிழமையும் வைத்தாள். புள்ளி சாதுவாகத்தான் இருந்தது. மாலையில், நிறம் பார்ப்பதற்காக, கல்யாணப்பெண் ஸாதனாவின் வலது மணிக்கட்டில் ஒரு பூ போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸாதனாவுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை இரண்டு கையிலும் முழங்கை வரை போடுவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பல் தேய்க்கும்போது புள்ளி அரித்தது. சுற்றிலும் சிவந்து, நடுவில் நீர் கோத்த கொப்புளம். இரண்டு நாள் கழித்தா வரும்? அவளிடம் மருதாணிக்குக் கை நீட்டும் சுற்றுலாப் பயணிகள் இரண்டாம் நாள் மூணாறு போய்விடுவார்கள். யாரும் திரும்பி வந்து காட்டியதில்லை.

போட்டு வைத்த சாயா குடிக்காமலே ஆறிப்போனது. ஸாதனா வீட்டுத் தெருமுனைவரை மூன்று முறை போய்த் திரும்பினாள். நான்காம் முறை உள்ளே நுழைந்தாள்.

"வா மாரி, நாளைக்கின்னுதானே சொன்னே?" என்றாள் ஸாதனாவின் தாய் கமலாக்ஷி.

"பாப்பா கையைக் காட்டச் சொல்லுங்க மாமி."

"கொசுவாக்கும் அக்கா, ராத்திரி முழுக்கச் சொறிஞ்சேன்," என்று வந்தாள் ஸாதனா. பூவின் ஓரமெல்லாம் தடித்திருந்தது.

சந்தனமாரி தன் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். "கொசு இல்ல. நான் கலந்த பொடி. நாளைக்குப் போட்டிருந்தா ரெண்டு கையும் வெந்துபோயிருக்கும்."

"மருதாணின்னு சொல்லி எந்த எழவைடி பூசினே?" என்று கத்தினாள் கமலாக்ஷி.

"ஆட்டோவுல வச்சுத் திட்டுங்க மாமி. டாக்டர்ட்டக் காட்டணும். பொடி டப்பாவையும் கொண்டாந்திருக்கேன்."

தோல் டாக்டர் டப்பாவை இரண்டு முறை படித்தார். களிம்பு எழுதினார். வருடக்கணக்காகப் பட்டுப் பழகிய தோலுக்கும் இந்தச் சாயம் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும், பிறகு அது மாறாது என்று விளக்கினார். இரண்டு பேரும் இனி ஆயுளுக்கும் தலைக்குச் சாயம் அடிக்கக் கூடாது என்றார்.

"அப்போ நரைச்சா நரைச்சதுதானா?" என்று ஸாதனா சிரித்தாள். கமலாக்ஷி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு முகூர்த்தம். சந்தனமாரி போகவில்லை. வெறும் மருதாணி இலைக் கலவையோடு கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கருப்பு கேட்ட ஐந்து பேர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். ஆறாவதாக ஒருத்தி தன் குழந்தையின் கையை நீட்டிக் கருப்பு கேட்டாள். சந்தனமாரி களிம்புக்கு மேல் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து, புண்ணான தன் மணிக்கட்டை அவள் முன் நீட்டினாள்.