குற்றாலத்தில் காணாமல் போன இருபத்தாறு பேர்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு நலத்துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் வாரம் எங்கள் ஆபீசர் ஒரு ஃபைலை என் மேஜையில் வைத்தார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் தொழிலாளர்களில் இருபத்தாறு பேரைக் காணவில்லை, போய்த் தேடிக் கண்டுபிடித்து வாரும் என்றார். ஃபைலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது என் பட்டப்படிப்பு ஆய்வேடு. அந்த இருபத்தாறு பேரையும் உண்டாக்கியவன் நான்தான்.

சமூகப்பணிக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல அனுபவங்களும் உண்டு. ஆனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நம்புவதா என்று பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. நாற்பது

சமூகப்பணியில் இளங்கலை என்பது அப்போது புதுப் படிப்பு. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் படித்தேன். கடைசி வருடம் ஆய்வேடு எழுத வேண்டும். "உன் ஊர்ப் பக்கமே ஏதாவது எடுத்துக்கோ" என்றார் என் கைடு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்போரின் வாழ்க்கை நிலை என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன்.

"சாம்பிள் எத்தனை பேர்?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும் சார்."

"நாற்பது ஷெட்யூல் வேணும்ப்பா, ஆளுக்கு ஒரு கேள்வித்தாள். அதுக்குக் கீழே போனா அது ஸ்டடி இல்லை, ஊர்க்கதை."

சாரல் நேரத்தில் போனேன். மொத்தமே பதினான்கு பேர்தான் இருந்தார்கள்.

2. பாறையில் உட்கார்ந்து

அருவிக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒரு பாறை. துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவரை அதில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெயை வைத்து அறைந்து, தோள், முதுகு, கால் என்று இறங்கி, அருவிக்கு அனுப்பிவிடுவார்கள். வழி திரும்பும் இடத்தில் இருந்த பாறை சுடலைமுத்துவுடையது. ஐம்பதை நெருங்கிய மனிதர். அவருக்கு முன் அவர் அப்பா அதே பாறையில் தேய்த்தவர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் கேள்வி கேக்கணும்."

"கேளுங்க தம்பி. சட்டையக் கழத்திட்டு உக்காந்து கேளுங்க."

"எனக்கு எண்ணெ வேண்டாம். பேசினாப் போதும்."

"வெறுங்கையோட பேசிட்டு நின்னா, பாக்கிறவன் இவனுக்கு வேலை ஓடலன்னு அடுத்த பாறைக்குப் போயிருவான். கை ஓடட்டும், வாயும் ஓடும்."

பதினான்கு பேருக்கும் இதே கொள்கை. ஆகவே ஒரு ஷெட்யூலுக்கு ஒரு எண்ணெய்க் குளியல் என்று ஆயிற்று. நாற்பத்திரண்டு கேள்விகள். குடும்ப விவரத்தில் இருக்கும்போது எண்ணெய் கண்ணில் இறங்கும். நோய் விவரத்துக்கு வரும்போது "குப்புறப் படுங்க" என்பார்கள். தாளில் எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதவில்லை. நாக்கில் தொட்டு எழுதும் காப்பிங் பென்சிலுக்கு மாறினேன். உதடெல்லாம் ஊதாவாகி, அருவிக்கரையில் என்னைப் பார்த்த ஒரு அம்மாள் விஷக்கடியோ என்று பதறினாள்.

கடைசிக் கேள்வி இது: வேறு தொழில் ஏற்பாடு செய்து கொடுத்தால் இந்தத் தொழிலை விட விருப்பமா? ஆம், இல்லை.

சுடலைமுத்து என் முதுகில் கையை நிறுத்தினார். "இந்தக் கையி வேற எதைத் தொட்டாலும் வழுக்கும் தம்பி. இல்லன்னு போடுங்க. நல்லாத் தெரியும்படியாப் போடுங்க."

போட்டேன். பதினான்கு பேரில் பதிமூன்று பேர் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் மாமனாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

3. வகுப்பு வருகைப் பதிவேடு

பதினான்கு குளியலுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வீட்டில் படுத்துக்கொண்டு மீதி இருபத்தாறு ஷெட்யூலையும் நானே நிரப்பினேன். பெயர்களுக்கு ரொம்ப யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாசிக்கும் வருகைப் பதிவேடு மனப்பாடமாக இருந்தது. அதே வரிசையில், தகப்பனார் பெயரோடு எழுதினேன். ஒருவனுக்கு வாதநோய் கொடுத்தேன். ஒருவனுக்கு ஓயாமல் குடிக்கும் மைத்துனன். முப்பத்தோராம் ஆளுக்கு இரண்டு மனைவி, அடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நிஜமான பதினான்கு பேரும் இவர்கள் அளவுக்கு விவரமாகப் பேசியிருக்கவில்லை.

கைடு முப்பத்தோராம் ஆளின் பக்கத்தில் சிவப்பு மையால் "அருமை" என்று எழுதினார். ஆனால் பரிந்துரைப் பகுதியில் தடுமாறினேன்.

"எல்லாரும் தொழிலை விடமாட்டேன்னா, நீ எதைப்பா பரிந்துரை செய்வே? பரிந்துரை இல்லாம ஆய்வேடு முடியுமா?"

இருபத்தாறு பேரையும் ஆம் சொல்ல வைத்தேன். டைப் அடிக்கக் கொடுப்பதற்காக எல்லாவற்றையும் புதுத் தாளில் நகல் எடுத்தபோது, நாற்பதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் டேபிள் பார்க்க அழகாக இருக்குமே என்று தோன்றியது. மீதிப் பதினான்கையும் ஆம் ஆக்கினேன். சுடலைமுத்துவுடையதையும்தான். முதல் வகுப்பில் தேறினேன்.

4. தேடுதல்

நல்ல எண்ணத்தில்தான் என் கைடு ஒரு பிரதியைத் தென்காசி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். நான் அங்கே வேலைக்குச் சேரும் முன்பே திட்டம் தயாராகிவிட்டது. நாற்பது பேருக்கும் சாக்பீஸ் செய்யப் பயிற்சி, அதன்பின் யாரும் பழைய தொழிலுக்குத் திரும்பாதபடி பாறைகளுக்கு வேலி. பெயர் போட்டு நாற்பது கடிதங்கள் போயின. பதினான்கு உரியவர்களிடம் சேர்ந்தன. மீதியில் ஒன்றை, தகப்பனார் பெயரைப் பார்த்துத் தபால்காரர், மேலரத வீதி ஜவுளிக்கடைக்காரர் மகனான என் பள்ளித் தோழனிடம் சேர்த்துவிட்டார். அவன் கடிதத்தோடு நேராக அலுவலகத்துக்கு வந்தான்.

"நான் எண்ணெ தேய்க்கிறத விட்டுரணுமாம். ரெண்டு பெஞ்சாதியையும் கூட்டிட்டு வரணுமாம். எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல. எவம்லே எழுதுனது இத?"

"பெயர் ஒற்றுமையா இருக்கும் தம்பி" என்று ஆபீசர் சமாதானம் செய்தார்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "ஏலே, நீ இங்கனதான் இருக்கியா?"

நான் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள்தான் ஆபீசர் ஃபைலை என்னிடம் கொடுத்தார். "ஆய்வு செஞ்சவரே இங்க இருக்கீரு. ஆளக் கண்டா உமக்குத்தானவே அடையாளம் தெரியும்" என்றார். மறுக்க முடியாத நியாயம்.

மூன்று நாள் தேடினேன். எப்படித் தேடினேன் என்று கேட்காதீர்கள். அருவிக்குப் போவேன், டீ குடிப்பேன், திரும்பி வருவேன். மூன்றாம் நாள் சுடலைமுத்து என்னைப் பாறைக்குக் கூப்பிட்டார்.

"இருபத்தாறு பேரை நாங்க ஒளிச்சு வச்சிருக்கோம்னு உங்க ஆபீசர் சொல்லுதாரு. இங்கன பதினாலு பேருதான? நீங்க எல்லார்ட்டயும் தேய்ச்சீகள்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அது கிடக்கட்டும். நாங்க விடமாட்டோம்னுதான் சொன்னோம்னு அவருட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி. இந்தப் பாறை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

சொல்கிறேன் என்றேன்.

சொன்னால் வேலை போகும், பட்டமும் போகும். ஆகவே அறிக்கை எழுதினேன். பதினேழு பேரை மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினேன். ஆறு பேரை மதுரையில் மில் வேலைக்குச் சேர்த்தேன். மூன்று பேருக்கு மட்டும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை என்று எழுதினேன், நம்பும்படி இருக்க வேண்டுமே.

ஆபீசர் படித்துவிட்டு முதுகில் தட்டினார். "பாத்தீரா, தானாவே தொழிலை விட்டுட்டு ஓடுதான். உம்ம ஆய்வு ரொம்பச் சரி. இனி வேலி போடத் தடை இல்ல."

அடுத்த சாரலுக்குள் பாறைகளைச் சுற்றி முள்கம்பி வந்துவிட்டது.

5. சாக்பீஸ்

சில மாதங்களில் பள்ளிக்கூடங்களிலிருந்து புகார் வந்தது. புது சாக்பீஸ் போர்டில் வழுக்குகிறது, எழுதவில்லை. காரணம் கண்டறிந்து வர என்னையே அனுப்பினார்கள்.

சாக்பீஸ் கொட்டகையில் சுடலைமுத்து அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை வெள்ளை. முப்பது வருட எண்ணெய் அந்தக் கைகளை விட்டுப் போகவில்லை. அவர் தொட்ட ஒவ்வொரு துண்டிலும் அது ஊறியிருந்தது.

"வாங்க சார்" என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "வழுக்கும்னு அன்னைக்கே சொன்னேன். பென்சிலை நக்கி நக்கி எழுதினீகளே."

"எழுதினேன் அண்ணாச்சி."

"அப்ப உங்க ஆபீசருக்குப் படிக்கத் தெரியலயா?"

"ஆமா" என்றேன். "அவருக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியலை."

அவர் அதை நம்பினார். எனக்காக வருத்தமும் பட்டார். "அப்படிப்பட்ட ஆளுகிட்ட வேலை பாக்கிறது செரமம்தான்" என்றார். புகார் ஓயாததால் கொட்டகையையே மூடிவிட்ட பிறகு அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. மெய்யாகவே ஒருவரைத் தேட வேண்டியிருந்த அந்தச் சமயத்தில் என்னை யாரும் அனுப்பவில்லை, நானாகவும் போகவில்லை.

பாறையில் எழுதிய அவருடைய ஷெட்யூல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் ஊறி, பின்னால் கையை வைத்தால் விரல் தெரிகிறது. கடைசிக் கேள்விக்கு எதிரில் ஊதா நிறத்தில் "இல்லை" என்று இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டபடி, நன்றாகவே தெரிகிறது.

நான் கற்றது இவ்வளவுதான். ஆளிடம் கேட்டு எழுதிய தாளை அழகாக இருக்கட்டுமென்று நகல் எடுக்காதீர்கள். எண்ணெயோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.